கேட்க ஓர் ஆளை வைத்துவிட்டு வாக்கி டாக்கி வாங்குங்கள்

நைனார்பாளையத்திலிருந்து கல்வராயன் மலைக்கு லோடு வண்டியும் வேனும் ஓட்டும் அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும்,

ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு எல்லா வண்டிக்கும் ஒரு வாக்கி டாக்கி வாங்கிவிடுவது என்று நீங்கள் பேசி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இந்த மடல். யோசனை நல்ல யோசனை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு ஏறத் தொடங்கினால் போனில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கிறது. இன்னும் சில வளைவு ஏறினால் சுத்தமாக இல்லை. மரவள்ளிக் கிழங்கு லோடோடு இறங்குகிறவருக்கு எதிரே எந்த வண்டி ஏறி வருகிறது என்று தெரியாது. ஐப்பசி மழையில் மண் சரிந்து பாதை அடைத்துக் கிடந்தால், அந்த இடத்துக்குப் போய் பிரேக் போட்ட பிறகுதான் தெரியும். டவர் வேண்டும், ரோடு வேண்டும் என்று மலை மக்கள் எத்தனையோ காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமே கல்வராயன் மலை மக்களின் நிலைமை பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அந்தக் கோரிக்கையை வாக்கி டாக்கி வந்துவிட்டது என்பதற்காக யாரும் விட்டுவிடக் கூடாது. டவர் வருகிறவரைக்கும் கையில் ஒரு கருவி இருக்கட்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

எத்தனை வாட், எத்தனை கிலோமீட்டர், எத்தனை சேனல், என்ன விலை என்று எல்லாம் பேசியிருக்கிறீர்கள். ஒன்று மட்டும் பேச்சில் வரவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு மலை வளைவில் நின்று நீங்கள் பட்டனை அழுத்தும்போது, மறுமுனையில் கருவியைப் போட்டுவிட்டுக் காது கொடுத்து உட்கார்ந்திருக்கப் போவது யார்? இதை முடிவு பண்ணாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். இந்த மடலில் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்குத் துணையாகச் சொல்வது.

போனுக்குப் பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடாது. போனில் கூப்பிட்டு எடுக்காவிட்டாலும் மிஸ்டு கால் கிடக்கும். காலையில் எழுந்தவர் பார்த்துத் திருப்பிக் கூப்பிடுவார். வாக்கி டாக்கியில் அப்படி எதுவும் பதிவாகாது. அந்த நிமிடத்தில், அந்தச் சேனலில், கருவியை ஆன் பண்ணி வைத்திருக்கும் ஆள் காதில் விழுந்தால் உண்டு. பத்து வண்டியில் பத்துக் கருவி இருந்து, பத்துப் பேரும் வீட்டுக்கு வந்ததும் அணைத்துவிட்டுப் படுத்தால், மலையில் மாட்டிக்கொண்ட பதினோராவது ஆள் கத்துவது மரத்துக்குத்தான் கேட்கும்.

டைட்டானிக் கப்பல் கதை எல்லாருக்கும் தெரியும். படத்தில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று இருக்கிறது. 1912 ஏப்ரல் 14 இரவு, கலிபோர்னியன் என்ற கப்பல் பக்கத்திலேயே பனிக்கட்டிகளுக்கு நடுவே எஞ்சினை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தது. அதில் வயர்லெஸ் கருவி இருந்தது, அதை இயக்கத் தெரிந்த சிரில் எவன்ஸ் என்ற இளைஞரும் இருந்தார். சுற்றிலும் பனிக்கட்டி என்று டைட்டானிக்குக்குச் சொல்லக் கூப்பிட்டவரை, டைட்டானிக்கில் வேலையாக இருந்த ஆபரேட்டர் குறுக்கே வராதே என்று அடக்கிவிட்டார். எவன்ஸ் ஒருவர்தான் அந்தக் கப்பலுக்கு ஆபரேட்டர். நாள் முழுக்க உழைத்தவர் பதினொன்றரை மணி வாக்கில் கருவியை அணைத்துவிட்டுப் படுத்தார். சில நிமிடங்களில் டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. அதன் பிறகு அது அனுப்பிய அவசரச் செய்தி ஒன்றுகூடப் பக்கத்துக் கப்பலுக்குக் கேட்கவில்லை. அதைவிட வெகுதூரத்தில் இருந்த கார்பதியா கப்பலின் ஆபரேட்டர் ஹெரால்டு காட்டம் படுக்கப் போகிற நேரத்திலும் காதில் மாட்டியதைக் கழற்றாமல் இருந்தார். பிழைத்த எழுநூறு சொச்சம் பேரும் அந்தக் காதால் பிழைத்தவர்கள். கருவி இரண்டு கப்பலிலும் இருந்ததை மறந்துவிடாதீர்கள்.

அதன் பிறகுதான் கப்பல்களில் இரவும் பகலும் ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்ற விதிகள் வந்தன. கப்பல் வயர்லெஸ் அறைகளில் மாட்டியிருந்த கடிகாரத்தில் சில நிமிடங்களுக்குச் சிவப்பு வர்ணம் பூசியிருப்பார்கள். ஒவ்வொரு மணி நேரத்திலும் 15-ஆவது நிமிடத்திலிருந்து மூன்று நிமிடம், 45-ஆவது நிமிடத்திலிருந்து மூன்று நிமிடம், அவசர அலைவரிசையில் உலகத்துக் கப்பல் எதுவும் பேசக் கூடாது. கேட்க மட்டும் வேண்டும். பேட்டரி குறைந்துபோய் ஈனமாகக் கூப்பிடுகிறவன் குரலும் அந்த மூன்று நிமிடத்தில் கேட்டுவிடும் என்பதற்காக வைத்த ஏற்பாடு. பல பத்தாண்டுகள் இது நடந்தது. நம் மலைப்பாதைக்கு இதைவிடப் பொருத்தமான பழக்கம் வேறு எனக்குத் தெரியவில்லை.

இப்போது கருவிக்கு வருகிறேன். வாங்கப் போகிறவர்கள் விவரம் தெரிந்து வாங்க வேண்டும்.

யாரிடமும் லைசென்ஸ் வாங்காமல் பொதுமக்கள் பேசிக்கொள்ள நம் நாட்டில் சட்டப்படி திறந்துவிட்டிருக்கும் வழிகளில் நமக்கு உதவக்கூடியவை இரண்டு. ஒன்று சிட்டிசன் பேண்ட், சுருக்கமாக சி.பி. ரேடியோ. 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்கு மிகாமல் பேசலாம் என்று 2005-இல் விலக்கு கொடுத்தார்கள். இன்னொன்று 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள சின்ன இடம். 2018-ஆம் ஆண்டு விதிகளில் வருகிறது. இரண்டிலும் லைசென்ஸ் வேண்டாம் என்பதற்காக எந்தக் கருவியையும் வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு அந்த மாடலுக்கு இ.டி.ஏ. என்ற ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும். அந்த எண்ணை விற்கிறவரிடம் கேட்டு வாங்கி பில்லோடு வையுங்கள்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் கறுப்புக் கருவிகளில் பல 136 முதல் 174 வரையும் 400 முதல் 520 வரையும் எங்கே திருப்பினாலும் பேசும். போலீஸ், வனத்துறை, தீயணைப்பு, தனியார் கம்பெனிகள் என்று காசு கட்டி அனுமதி வாங்கியவர்களின் அலைவரிசைகள் அந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன. தெரியாமல் அங்கே பேசினாலும் குற்றம்தான். 1933-ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டம் தொடங்கி 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டம்வரை அதில் இடைவெளி இல்லை. 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பெரிய ஆன்லைன் கடைகளுக்கு இதற்காகவே நோட்டீஸ் அனுப்பியது. அலைவரிசை என்ன, லைசென்ஸ் வேண்டுமா, ஒப்புதல் உண்டா என்று சொல்லாமல் ஆயிரக்கணக்கில் வாக்கி டாக்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் விற்கிறார், அதனால் சரியாகத்தான் இருக்கும் என்று இந்த விஷயத்தில் நம்பாதீர்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு நம் மாவட்டத்துக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனதை நாம் யாரும் மறக்க முடியாது. அன்றிலிருந்து சாராயத்தைத் தேடி மலைப்பாதையில் சோதனை கூடுதல். ராத்திரியில் பிக்கப் வண்டியில் வாக்கி டாக்கியோடு போகிற ஆளைப் போலீஸ் நிறுத்திக் கேட்டால், அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கருவி வந்த அன்றே பில், ஒப்புதல் எண், யார் யாரிடம் எந்தக் கருவி என்ற பட்டியல் எல்லாவற்றையும் காவல் நிலையத்திலும் வனத்துறை அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எந்தச் சேனலில் பேசப் போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். அவர்களும் கேட்கட்டும். நம் பேச்சில் ஒளிக்க ஒன்றும் இல்லை என்பது நமக்கு மரியாதை.

சேனல் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சி.பி. ரேடியோ 1958-இல் அமெரிக்காவில் 27 மெகாஹெர்ட்ஸுக்கு வந்தது. முதலில் 23 சேனல். 1973 எண்ணெய்த் தட்டுப்பாட்டின்போது லாரி ஓட்டுநர்கள் எந்த பங்க்கில் டீசல் இருக்கிறது, எங்கே போலீஸ் நிற்கிறது என்று இதில்தான் பேசிக்கொண்டார்கள். கூட்டம் தாங்காமல் 1977-இல் 40 சேனலாக்கினார்கள். அந்த 40 சேனல் கருவியை வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் கவனமாக இருங்கள். அதில் 1 முதல் 27 வரையுள்ள சேனல்கள்தான் நம் நாட்டு எல்லைக்குள் வருகின்றன. 27-ஆவது சேனல் 27.275; 28-ஆவது 27.285, அது எல்லையைத் தாண்டிவிட்டது. பெட்டியில் 40 என்று எழுதியிருந்தாலும் நமக்கு 27-தான். கருவி நம் ஊர் ஒப்புதல் இல்லாதது என்றால் அந்த 27-உம் கிடையாது.

அடுத்தது, பிரைவசி கோடு என்று ஒன்று போட்டு விற்கிறார்கள். பதினாறு சேனல், சேனலுக்கு முப்பத்தெட்டுக் கோடு, ஆக அறுநூறு சேனல் என்று கணக்குப் போட்டு விளம்பரம் வரும். அது சேனலே கிடையாது. உங்கள் குரலோடு காதுக்குக் கேட்காத ஒரு மெல்லிய ஒலியையும் சேர்த்து அனுப்புகிறார்கள். அதே ஒலி வந்தால் மட்டும் மறுகருவி ஸ்பீக்கரைத் திறக்கும். உங்களுக்கு மற்றவர்கள் பேச்சு கேட்காமல் போகுமே தவிர, கோடு போடாத கருவி வைத்திருக்கிற எல்லாருக்கும் உங்கள் பேச்சு கேட்கும். அதைவிட மோசம், வேறு கோடு போட்டவர் அதே சேனலில் பேசிக்கொண்டிருப்பது தெரியாமல் நீங்கள் குறுக்கே புகுந்து இரண்டு பேச்சையும் கெடுப்பீர்கள். மலைப்பாதையில் கோடு வேண்டவே வேண்டாம். எல்லாக் கருவியிலும் அதைப் பூஜ்ஜியத்தில் வையுங்கள். உங்கள் குழுவில் இல்லாத ஒருவர், வெளியூரிலிருந்து மேகம் அருவி பார்க்க வந்தவராகக்கூட இருக்கலாம், அதே சேனலில் உதவி கேட்டால் உங்களுக்குக் கேட்க வேண்டும்.

தூரம் எவ்வளவு என்ற கேள்விக்கு விளம்பரத்தில் பதில் இல்லை, மலையில் இருக்கிறது. இந்த அலைகள் பெரும்பாலும் பார்வை போல நேராகப் போகிறவை. சமதரையில் நின்று கையில் பிடித்துப் பேசுகிற இருவருக்கு நடுவே, மரமும் வீடும் இல்லாவிட்டாலும், பூமியின் வளைவே பத்து கிலோமீட்டர் வாக்கில் மறைத்துவிடும். நம் கரும்புக் காட்டுக்கும் சோளக்காட்டுக்கும் நடுவில் அரை வாட் கருவி இரண்டு கிலோமீட்டர் போனால் நல்ல கருவி. அதே கருவியை மலை விளிம்பில், சமவெளியைவிட 600 மீட்டர் உயரத்தில் நின்று பிடித்தால் தொடுவானம் 80 கிலோமீட்டருக்கு மேல் விலகிப் போகிறது. பூமிக்கு 400 கிலோமீட்டர் மேலே சுற்றும் விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களோடு, ரேடியோவில் பேசுவதையே பொழுதுபோக்காக வைத்து லைசென்ஸ் பெற்ற ஹாம் ரேடியோக்காரர்கள் ஐந்து வாட் கைக்கருவியில் பேசியிருக்கிறார்கள். நடுவில் மறைப்பு இல்லை, அதனால் முடிகிறது. இங்கே ஒரு பாறை முனையைச் சுற்றி அந்தப் பக்கம் போய்விட்டால் 500 மீட்டருக்குள் நிற்கிறவர் குரல்கூட வராது. ஆக, வாட்டுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். நிற்கிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். மலையில் எங்கே நின்றால் கீழே சமவெளி தெரிகிறதோ அங்கே உங்கள் கருவிக்கும் வழி உண்டு. அந்த இடங்களை ஓட்டுநர்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

சி.பி. நல்லதா, 446 நல்லதா என்றால் என் எண்ணத்தைச் சொல்கிறேன். 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 11 மீட்டர். நீண்ட அலை மேட்டையும் மரக்கூட்டத்தையும் கொஞ்சம் வளைந்து தாண்டும். மலைக்கு அது சாதகம். ஆனால் அந்த அலைக்குச் சரியான ஆண்டெனா வேண்டுமென்றால் கால் பங்கே கிட்டத்தட்ட 2.75 மீட்டர் வருகிறது. அதைச் சுருட்டி ஒரு சாண் இரண்டு சாண் குச்சிக்குள் அடக்கிய கைக்கருவியில் சக்தியில் பெரும்பங்கு வீணாகிறது. தவிர, சூரியனில் கரும்புள்ளிகள் கூடுகிற வருடங்களில் அயல்நாட்டுப் பேச்சு வானத்தில் பட்டுத் திரும்பி வந்து இந்தச் சேனல்களில் இரைச்சலாக நிறையும். 446 கருவி சிறியது, பேட்டரி நிற்கும், ஒலி தெளிவு. இலையும் பாறையும் அதற்கு ஆகாது. ஒப்புதல் பெற்ற சி.பி. கைக்கருவி உங்களுக்குக் கிடைத்தால் மலைக்கு அதை எடுங்கள். கிடைக்காவிட்டால், கள்ளத்தனமாக ஒன்றை வாங்குவதைவிட ஒப்புதல் உள்ள 446 கருவியை எடுத்துக் கேட்கிற ஆட்களைக் கூடுதலாக வைப்பது மேல். வெளி ஆண்டெனா மாட்டலாமா, பவரைக் கூட்டலாமா என்று யாராவது யோசனை சொன்னால், விலக்கு விதியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பேசும் முறைக்கு அதிகம் படிக்க வேண்டியதில்லை. ஆனால் கை பழக வேண்டும். கருவியை முகத்துக்கு நேரே நட்டுக்குத்தாகப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் தூரம் குறையும். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி. பட்டனை அழுத்தின மறுநொடியே பேசினால் முதல் வார்த்தை வெட்டுப்படும். ‘வண்டி கவிழ்ந்துவிட்டது’ என்பதில் ‘வண்டி’ வெட்டுப்பட்டு ‘கவிழ்ந்துவிட்டது’ மட்டும் வரும், எது கவிழ்ந்தது என்று கீழே தவிப்பார்கள். அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, பிறகு பேசுங்கள். முடித்ததும் ‘ஓவர்’ சொல்லிவிட்டுக் கட்டாயம் விரலை எடுங்கள். ஒரு ஆள் விரலை எடுக்க மறந்து கருவியை சீட்டுக்கு அடியில் திணித்தால், அந்தச் சேனல் சுற்றுவட்டாரத்துக்கே அடைத்துப்போகும். ஸ்குவெல்ச் என்ற திருகையோ மெனுவையோ இரைச்சல் நிற்கிறதற்காக முழுக்க ஏற்றி வைக்கிறார்கள். அப்படி வைத்தால் தூரத்திலிருந்து மெலிதாக வரும் குரலும் அடைபடும். இரைச்சல் நின்ற இடத்திலேயே நிறுத்துங்கள். கேட்கிற ஆள் லேசான இரைச்சலோடு வைத்திருந்தாலும் தப்பில்லை. ஆண்டெனாவைக் கழற்றிவிட்டுப் பட்டனை அழுத்தினால் உள்ளே இருக்கும் பவர் பகுதி எரிந்துபோகலாம்.

அமெரிக்கக்காரர்கள் ‘டென் ஃபோர்’ என்பார்கள். அது அவர்கள் போலீசிடமிருந்து வந்தது; நமக்கு வேண்டாம். தமிழில் பேசுங்கள். யாரைக் கூப்பிடுகிறீர்களோ அவர் பெயர் முதலில், உங்கள் பெயர் பிறகு. எந்த இடம், என்ன நடந்தது, எத்தனை பேர், என்ன வேண்டும், இந்த வரிசையில். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்; சொன்னவர் சரி என்ற பிறகே செய்தி போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பதினைந்தும் பதினெட்டும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும். ஒன்று ஐந்து, ஒன்று எட்டு என்றால் அப்படிக் குழம்பாது. வளைவுகளுக்கு நீங்கள் வைத்திருக்கிற பெயர்களை ஒருநாள் உட்கார்ந்து ஒரே மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள். ஒருத்தர் புளியமரத்து வளைவு என்பதை இன்னொருத்தர் பாலத்து வளைவு என்றால், ஆம்புலன்ஸ் வந்து இரண்டு வளைவு தள்ளி நிற்கும்.

ஒரு சேனலை ஊரறியப் பொதுவாக வையுங்கள். எந்த எண் என்பது பெரிதில்லை, மாறாமல் இருப்பது பெரிது. அமெரிக்காவில் 9-ஆவது சேனல் அவசரத்துக்கு, 19 லாரிக்காரர்களுக்கு என்று ஆனது. 1962-இல் தொடங்கிய ரியாக்ட் என்ற தன்னார்வ அமைப்பு 9-ஆவது சேனலை வீட்டில் உட்கார்ந்து கேட்பதையே சேவையாகச் செய்தது. காசு வாங்காத சாதாரண மனிதர்கள். நம் கடற்கரையில் விசைப்படகுகளில் இருக்கும் வி.எச்.எஃப். கருவிக்கு 16-ஆவது சேனல் அப்படித்தான். பேசுவதென்றால் வேறு சேனலுக்குப் போய்விட வேண்டும், 16 கூப்பிடவும் கேட்கவும் மட்டும். நீங்களும் அதையே செய்யுங்கள். கூப்பிடுவதற்கு ஒரு சேனல். ஆள் கிடைத்ததும் இன்னொன்றுக்கு மாறிக் கிழங்கு விலை, மூட்டைக் கணக்கு, வீட்டுக் கதை எல்லாம் பேசிக்கொள்ளுங்கள். கூப்பிடுகிற சேனலில் பாட்டுப் போடுகிறவர், வம்பு பேசுகிறவர் யாராக இருந்தாலும் ஒருமுறை சொல்லுங்கள், மறுமுறை கருவியைத் திருப்பி வாங்கிவிடுங்கள்.

கேட்கிறவர்களைப் பற்றி இன்னொரு கதையும் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது பாரதி பிரசாத் என்ற ஹாம் ரேடியோ ஆர்வலர் அந்தமானில் போர்ட் பிளேரில் இருந்தார். தீவிலிருந்து உலகத்து ஹாம்களோடு பேசுவதற்காக அனுமதி வாங்கிக் குழுவோடு போயிருந்தவர். போன் அறுந்துபோன தீவுகளிலிருந்து உயிரோடு இருக்கிறோம் என்ற செய்திகள் அவர்கள் கருவி வழியாகக் கரைக்கு வந்தன. அவருடைய துணிச்சலை எல்லாரும் பாராட்டினார்கள், பாராட்ட வேண்டியதுதான். கரையில் ராப்பகலாக உட்கார்ந்து அந்தப் பெயர்களைத் தாளில் எழுதி, வீட்டு நம்பரைத் தேடிப் போன் போட்டுச் சொன்ன ஹாம்களின் பெயரை யாரும் கேட்கவில்லை. உங்களிடம் நான் கேட்பது அந்த இரண்டாவது வேலையை. உங்களில் படிக்க ஆர்வம் உள்ள தம்பி யாராவது இருந்தால் ஹாம் லைசென்சுக்குப் பரீட்சை எழுதலாம். 12 வயது நிரம்பிய யாரும் எழுதலாம், வீட்டில் படிக்கிற பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

நான் யோசித்து வைத்திருக்கிற ஏற்பாடு இது. கேட்கும் இடம் மூன்று. ஒன்று அடிவாரத்தில், அணைப் பக்கம், போனில் டவர் நிற்கிற ஒரு கடை அல்லது வீடு. அங்கே இருப்பவர்தான் 108-க்கும் போலீசுக்கும் போன் போடுவார். ஆக அவருக்கு டவர் முக்கியம். இரண்டாவது மலை ஏறி விளிம்பில், கீழேயும் தெரிந்து உள்ளேயும் தெரிகிற ஓர் இடம். அவர் இரண்டு பக்கமும் செய்தியைக் கை மாற்றுவார். மூன்றாவது மலைக்கு உள்ளே, வெள்ளிமலைப் பக்கம். இந்த மூன்றில் இரண்டு மலை மக்கள் கையில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாம் கிழங்கு ஏற்றப் போய்விட்டு இறங்கிவிடுகிறோம். ராத்திரி பிரசவ வலி எடுக்கிற பெண்ணும், பாம்பு கடித்த பிள்ளையும் அங்கே இருக்கிறார்கள். கருவியை நாம் மட்டும் வைத்துக்கொண்டு, நம் வண்டி நின்றால் மட்டும் கூப்பிடுவது என்றால் அது எனக்குச் சம்மதமில்லை. நீங்கள் வாங்குகிற பத்தில் இரண்டை அவர்களிடம் கொடுங்கள், சார்ஜருக்கும் மாற்று பேட்டரிக்கும் சேர்த்தே பணம் போடுங்கள். கரண்ட் போகிற ஊர் என்பதால் கடையில் வாங்கிப் போடுகிற செல் ஏற்கும் கருவியாக இருந்தால் இன்னும் நல்லது. கேட்க மட்டும் வைத்திருந்தால் பேட்டரி நெடுநேரம் நிற்கும். பேசும்போதுதான் அது குடிக்கும்.

இருபத்து நாலு மணி நேரமும் ஒருவர் உட்கார முடியாது, தெரியும். முடியாததை ஏற்றுக்கொண்டு பத்தாவது நாள் கைவிடுவதைவிட, முடிகிறதை எழுதிவைத்து நடத்துவது நல்லது. வண்டி ஓடுகிற நேரம் முழுக்க ஓர் ஆள். கடைசி வண்டி இறங்கிவிட்டது என்று பெயர் சொல்லிக் கேட்ட பிறகே அடிவாரத்துக் கருவி அணைய வேண்டும். அதன் பிறகு ராத்திரி முழுக்க, கப்பல்காரர்கள் செய்ததுபோல, ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் யாராவது ஒருவர் திறந்து கேட்க வேண்டும். மலையில் மாட்டிக்கொண்டவருக்கும் அது தெரிந்திருந்தால், பேட்டரியை வீணடிக்காமல் அந்த ஐந்து நிமிடத்துக்காகக் காத்திருந்து கூப்பிடுவார். வாரத்துக்கு ஒருநாள், வண்டி நிறுத்தி, எந்த வளைவிலிருந்து எந்த இடத்துக்குக் கேட்கிறது என்று சோதித்து ஒரு தாளில் குறியுங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை, வெயிலில் ஒருமுறை. இலை அடர்ந்து ஈரமாக இருக்கும்போது 446 கருவிக்குத் தூரம் மாறும். கேட்காத வளைவுகளின் பட்டியல் கேட்கிற வளைவுகளின் பட்டியலைவிட உங்களுக்குப் பயன்படும்.

கேட்கிற ஆளுக்குக் காசு கொடுக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டதாகச் சொன்னார்கள். கொடுக்கலாம். ராத்திரிக் கடை திறந்து வைத்திருப்பவருக்கு லோடுக்கு இவ்வளவு என்று எல்லாரும் சேர்ந்து போட்டால் யாருக்கும் பாரமில்லை. தன் வண்டி அன்றைக்கு ஓடவில்லை என்றால் அந்த ஓட்டுநரே அடிவாரத்தில் போய் உட்காரலாம். பெண்களையும் இதில் விட்டுவிடாதீர்கள்; ராத்திரி வீட்டில் விழித்திருந்து வண்டிச் சத்தத்துக்குக் காத்திருக்கிறவர்கள் அவர்கள்தான். கருவியை அவர்கள் கையில் கொடுத்து எப்படி அழுத்துவது என்று காட்டிக்கொடுங்கள்.

நாளைக் காலையில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு நோட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஞாயிறு முதல் சனி வரை ஏழு பக்கம், பக்கத்துக்கு ராத்திரி மணிக்கணக்காகக் கோடு போட்டிருக்கிறது. எந்தக் கிழமை, எந்த மணி கேட்க முடியும் என்று அவரவர் பெயரை எழுதுங்கள். ஏழு பக்கமும் நிரம்பினால் பணம் பிரிக்கலாம், நானும் என் பங்கைப் போடுகிறேன். நிரம்பாவிட்டால் எந்தப் பக்கம் காலியாக இருக்கிறதோ அதைப் பற்றி முதலில் கூடிப் பேசுவோம்.